ஒரு பழைய நிலப்படமும் நம் சபை எல்லைகளும்

1854-ஆம் ஆண்டில் சென்னையிலிருந்த பரோ கம்பெனியார் தென்னிந்தியாவின் நிலப்படத் தொகுதி ஒன்றை வெளியிட்டனர். மாவட்டங்களின் படங்களும், முக்கிய நகரங்கள், படைத்தளங்கள் ஆகியவற்றின் அமைப்புப் படங்களும் அடங்கிய அத்தொகுதி, பெரும் முக்கோண நில அளவையினின்றும் சுருக்கி வரையப்பட்டதென அதன் தலைப்பிலேயே குறிக்கப்பட்டுள்ளது. அடுத்த ஆண்டில் அதே கம்பெனியார் தென்னிந்திய விவரத் திரட்டு ஒன்றையும் அச்சிட்டனர். இன்று இவ்விரு நூல்களும் பழம்பொருள் விரும்புவோர் தேடுகின்ற அரும்பொருள்களாக விளங்குகின்றன.

இத்தகைய படமொன்றை ஆயரும் இறையியல் மாணவரும் ஏன் நோக்கவேண்டும் என்னும் வினா எழுவது இயல்பே. சில ஆண்டுகளுக்கு முன் மாணவர் சிலரைக் களப்பணிக்காக வடசென்னைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்றிருந்தோம். திருவொற்றியூர்க் கரையில் வலை பழுதுபார்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் கடலைச் சுட்டிக்காட்டி, "எங்க தெரு அங்கதான் ஐயா இருந்துச்சு" என்றார். அவர் காட்டிய இடத்தில் அலைகளே இருந்தன. திரும்பி வருகையில் மாணவர் ஒருவர், "அந்தத் தெரு எந்தப் படத்திலாவது இருக்குமா, ஐயா?" எனக் கேட்டார். நாம் நமக்குக் கிட்டிய பழைய படங்களைத் தேடினோம். திருவொற்றியூர் என்னும் பெயர் இருந்தது, எல்லைக்கோடு இருந்தது, அம்முதியவரின் தெரு இல்லை. அவ்வினாவே இக்கட்டுரைக்கு வித்தாகும்.

1. படம் காட்டும் காலம்

அரசியல் நிலப்படம் என்பது மலையையும் ஆற்றையும் காட்டுவதைவிட, எந்நிலம் யார் கையில் உள்ளது என்பதைக் காட்டுவதையே முதல் நோக்கமாகக் கொண்டது. அக்காலப் படங்களில் ஆட்சி எல்லைகளைக் கையால் நிறந்தீட்டிக் காட்டுவது வழக்கம். 1854-ஆம் ஆண்டின் தென்னிந்தியாவை அவ்வாறு நோக்குவோமாயின், கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை மாகாணம் வடக்கே கஞ்சம் முதல் தெற்கே திருநெல்வேலி வரை விரிந்து கிடப்பதைக் காண்போம். மைசூர், திருவிதாங்கூர், கொச்சி, புதுக்கோட்டை ஆகியவை மன்னர்களின் பெயரால் தனித்து நின்றன. புதுச்சேரியும் காரைக்காலும் பிரெஞ்சுக்காரரிடம் இருந்தன. மைசூரிலோ, மன்னர் பெயரளவில் இருக்க, 1831 முதல் ஆட்சியை நடத்தியவர்கள் ஆங்கிலேய ஆணையர்களே.

இப்பரப்பு ஒரே நாளில் சேர்ந்ததன்று. செங்கற்பட்டுச் சீமை 1763-ல் ஆர்க்காட்டு நவாப் முகமது அலியால் ஜாகீராகக் கொடுக்கப்பட்டது. சேலமும் திண்டுக்கல்லும் 1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து பெறப்பட்டன. தஞ்சை 1799-லும், கர்நாடகம் எனப்பட்ட நவாபின் நாடு 1801-லும் கம்பெனியின் நேர் ஆட்சிக்குள் வந்தன. தரங்கம்பாடியை டென்மார்க் அரசு 1845-ல் செராம்பூருடன் சேர்த்துப் பன்னிரண்டரை இலட்சம் ரூபாய்க்கு விற்றது. 1706-ல் சீகன்பால்குவும் புளுச்சோவும் வந்திறங்கிய கரை, ஒரு பத்திரத்தின் வாயிலாகக் கைமாறியது. அங்கிருந்த விசுவாசிகளின் கருத்தைக் கேட்டு அவ்விற்பனை நடைபெறவில்லை.

1854 என்னும் ஆண்டிற்குத் தனிச்சிறப்பு உண்டு. அடுத்த ஆண்டிலேயே தஞ்சையின் பட்டப்பெயர் அரசரான சிவாஜி மன்னரும், சேப்பாக்கத்தில் வாழ்ந்த நவாப் குலாம் கவுஸ் கானும் ஆண் வாரிசின்றி இறந்தனர். டல்ஹௌசி பிரபு காலத்துக் கொள்கைப்படி அவ்விரு பட்டங்களும் ஒழிக்கப்பட்டன. 1856-ல் இராயபுரத்திலிருந்து வாலாஜா வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் ஓடியது. 1858-ல் கம்பெனியின் ஆட்சியே முடிவுற்று முடியாட்சி தொடங்கியது. ஆகவே அப்படம் நிலையான ஒரு நாட்டின் படமன்று. நான்கே ஆண்டுகளில் பெரிதும் மாறிப்போன ஓர் ஏற்பாட்டின் படமாகும். ஆயினும் படத்தைப் பார்ப்பவருக்கு அவ்வெல்லைகள் மலைகளைப்போல் அசையாதவையாகவே தோன்றும். நிலப்படத்தின் வல்லமையும் அபாயமும் இதிலேயே அடங்கியுள்ளன.

2. படம் அளக்கப்பட்ட விதம்

இப்படத்திற்கு அடிப்படையான அளவைப் பணி சென்னையிலேயே தொடங்கியது. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் பரங்கிமலைக்கு அருகே ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றை எஃகுச் சங்கிலியால் அளந்தார். ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கமும் இரு கோணங்களும் தெரிந்தால் மற்றப் பக்கங்களைக் கணக்கிடலாம் என்பது பள்ளி மாணவரும் அறிந்த முறை. அம்முறையைக் கொண்டே மலையுச்சி, கோபுரம், கோட்டைக் கொத்தளம் ஆகியவற்றை இணைத்து முக்கோணம் முக்கோணமாக நாடு அளக்கப்பட்டது. அரை டன் எடையுள்ள கோணமானியை ஆட்கள் சுமந்து சென்றனர். 1808-ல் தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தின்மேல் அதனை ஏற்றுகையில் கயிறு அறுந்து கருவி சேதமுற்றது. 1823-ல் லாம்டன் இறந்தபின் ஜார்ஜ் எவரெஸ்ட் அப்பணியைத் தொடர்ந்தார்.

இவ்வரலாற்றில் திருச்சபையின் நிழலும் விழுகிறது. 1794-ல் மைக்கேல் டாப்பிங் சென்னையில் நில அளவைப் பள்ளி ஒன்றை எட்டு மாணவர்களுடன் தொடங்கினார். நில அளவைப் பயிற்சிக்குச் சிறுவர்களைத் தந்தது எழும்பூரிலிருந்த ஆண்கள் அநாதை விடுதி. அவ்விடுதியின் பொறுப்பாளர், சட்டாம்பிள்ளை முறையை ஐரோப்பாவிற்குக் கொண்டுசென்ற குருவானவர் ஆண்ட்ரூ பெல். ஐரோப்பியத் தந்தையருக்கும் இந்தியத் தாய்மாருக்கும் பிறந்து, எச்சமூகத்திலும் முழு இடம் பெறாத பிள்ளைகள் பலர் அங்கு வளர்ந்தனர். தமக்கென ஓர் இடமில்லாதோர் பிறருடைய இடங்களை அளக்கும் தொழிலைப் பெற்றனர் என்பதை நாம் சிந்திக்கவேண்டும்.

3. படத்திற்கு முன்னிருந்த கணக்கு

அச்சுப் படம் தோன்றுமுன் நம் ஊர்களுக்குக் கணக்கே இல்லை என எண்ணுவது தவறு. செங்கற்பட்டு ஜாகீரைத் தாமஸ் பர்னார்டு என்னும் பொறியாளர் 1767 முதல் 1774 வரை அளந்தபோது, ஏறத்தாழ 2,000 கிராமங்களின் விவரங்கள் திரட்டப்பட்டன. ஊர்க் கணக்குப்பிள்ளைகள் பனையோலையில் எழுதிவைத்த கணக்குகள் அதற்குத் துணையாயின. எத்தனை வீடுகள், எக்குலத்தார், ஏரி எவ்வளவு, தோப்பு எவ்வளவு, விளைச்சலில் கோயிலுக்கும் தலையாரிக்கும் கொல்லருக்கும் வண்ணாருக்கும் உரிய பங்கு யாது என்பன அவற்றில் எழுதப்பட்டிருந்தன. அக்கணக்குகள் நீதியானவை என நாம் கூறவில்லை. உழுத பறையர் மக்களின் பங்கு எவ்வளவு குறைவாயிருந்தது என்பதையும் அவை காட்டுகின்றன. ஆயினும் ஊர் என்பது மனிதரும் அவர்தம் உரிமைகளும் சேர்ந்தது என்னும் எண்ணம் அவ்வோலைகளில் இருந்தது.

பழந்தமிழ் மரபும் இதற்கு ஒத்ததே. தொல்காப்பியம் நிலத்தை முல்லை, குறிஞ்சி, மருதம், நெய்தல் என அதன் வாழ்வால் பகுத்தது. ஆள்வோரின் பெயரால் பகுக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் படமோ நெய்தலையும் மருதத்தையும் ஒரே நிறத்தால் பூசியது.

வரி விதிப்புக்கென நிலத்தை நன்செய், புன்செய் எனப் பகுத்தபோது, வரியில் சேராத நிலம் புறம்போக்கு எனப்பட்டது. நீர்நிலை, பாதை, மேய்ச்சல் தரை, சுடுகாடு, கடற்கரை ஆகியவை அதில் அடங்கும். உண்மையில் அவை அனைவருக்கும் பொதுவான நிலங்கள். கருவூலத்திற்கு வருவாய் தராததால் அவை கணக்கிற்குப் புறம்பாயின. காலப்போக்கில் அச்சொல் வசைச்சொல்லாகவும் மாறியது. கட்டுமரத்தை இழுத்துவைக்கும் மணலும் வலை காயும் திடலும் மீனவர்க்கு வயலுக்கு ஒப்பானவை. ஆனால் அவ்வயலுக்குப் பட்டா இல்லை.

4. வடசென்னைக் கரையில் நடந்தது

தண்டையார்ப்பேட்டை 1693-லும், திருவொற்றியூர், கத்திவாக்கம், சாத்தங்காடு, வியாசர்பாடி, நுங்கம்பாக்கம் என்னும் ஐந்து ஊர்கள் 1708-லும் கம்பெனிக்குக் கிடைத்தன. ஆளுநர் ஜோசப் காலெட் காலத்தில், 1717-க்கும் 1720-க்கும் இடையில், நெசவாளரைக் குடியேற்றியதால் எழுந்ததே காலடிப்பேட்டை. காலெட் பேட்டை என்பதே மக்கள் நாவில் அவ்வாறு திரிந்தது. இராயபுரத்தின் பெயரோ இராயப்பர் எனத் தமிழ்க் கிறிஸ்தவர் வழங்கும் பேதுருவின் பெயரோடு இணைத்துக் கூறப்படுகிறது. கத்தோலிக்க மீனவரும் படகோட்டிகளும் எழுப்பிய இராயப்பர் ஆலயம் 1829-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. 1801-ல் தொடங்கி 1806-ல் திறக்கப்பட்ட கால்வாய் சென்னையையும் எண்ணூரையும் இணைத்தது; அதுவே பின்னர் நீட்டிக்கப்பட்டு, 1878-ல் பக்கிங்காம் கால்வாய் எனப் பெயர்பெற்றது.

1854-ஆம் ஆண்டின் படம் வெளிவந்தபோது சென்னைக்குத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் கடலில் நங்கூரமிட்டு நிற்க, மசூலாப் படகுகளும் கட்டுமரங்களும் அலையைக் கடந்து சரக்கையும் பயணிகளையும் கரைசேர்த்தன. 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் துறைமுகத்திற்கு அடிக்கல் நாட்டினார். 1881 நவம்பரில் வீசிய புயல் கட்டிய சுவர்களைச் சிதைத்தது, மீண்டும் கட்டினர். ஆனால் எவரும் எதிர்பாராத அளவிற்கு மற்றொன்று நிகழ்ந்தது. இக்கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிச் செல்லும். துறைமுகச் சுவர் குறுக்கே நின்றபின் மணல் அதன் தென்புறத்தில் தங்கியது. தெற்கே மெரினாக் கடற்கரை அகன்றது. வடக்கே மணல் வரவு இழந்த இராயபுரம், திருவொற்றியூர்க் கரையைக் கடல் அரித்தது. நகரின் ஒரு பக்கத்தார் மாலையில் உலாவும் மணல், மறுபக்கத்தாரின் தெருவை இழந்து பெற்ற மணலெனக் கூறினும் மிகையாகாது. பிற்காலத்தில் கரை நெடுகக் கற்கள் கொட்டப்பட்டன. போன தெருக்கள் திரும்பவில்லை.

எண்ணூரில் இக்கதை வேறு வடிவில் தொடர்ந்தது. கொசஸ்தலையாறு கடலோடு கலக்கும் கழியை ஒட்டி அனல்மின் நிலையங்களும் துறைமுகமும் தொழிற்சாலைகளும் எழுந்தன. 1970-ல் இயங்கத் தொடங்கிய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-ல் மூடப்பட்டது. 2001-ல் திறக்கப்பட்ட எண்ணூர்த் துறைமுகம் இன்று காமராசர் பெயரைத் தாங்குகிறது. கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 1991-ல் வந்தபின், எண்ணூர்க் கழியின் பரப்பு அரசின் வரைபடங்களில் எவ்வாறு காட்டப்பட்டது என்பது குறித்து மீனவர்களும் சூழலியலாளரும் வினா எழுப்ப, அவ்வழக்கு தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது. படகு செலுத்தி இறால் பிடிக்கும் நீர்ப்பரப்பு ஒரு தாளில் நீராகவும் மற்றொரு தாளில் நிலமாகவும் தோன்றுமாயின், அத்தாளைப் பொறுத்தே ஓர் ஊரின் பிழைப்பு நிற்கும் அல்லது அழியும். நிலப்படம் பழங்காலத்துப் பொருள் மட்டுமன்று என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

5. திருச்சபையும் எல்லைக்கோடும்

இதுவரை கூறியவை அரசின் செயல்கள். நம் திருச்சபை அந்நிலப்படத்தை எவ்வாறு கையாண்டது என்பதையும் நேர்மையாக நோக்குதல் கடன். ஆங்கிலிக்கன் சபையின் சென்னைப் பேராயம் 1835-ல் நிறுவப்பட்டு, டேனியல் காரி முதல் பேராயரானார். மதுரையில் அமெரிக்க மிஷனும், ஆர்க்காட்டில் மற்றோர் அமெரிக்க மிஷனும், தென்திருவிதாங்கூரில் லண்டன் மிஷனும், திருநெல்வேலியில் இரு ஆங்கிலிக்கன் சங்கங்களும் பணியாற்றின. ஒருவர் களத்தில் மற்றவர் புகலாகாது என்னும் எல்லை உடன்பாடு படிப்படியாக வலுப்பெற்றது. வீண் போட்டியைத் தவிர்க்கும் நல்லெண்ணம் அதில் உண்டு. ஆயினும் அரசின் எல்லைக்கோடே விசுவாசியின் சபைப் பெயரை முடிவுசெய்தது. ஒருவர் எச்சபையார் என்பது அவர் எவ்வூரில் பிறந்தார் என்பதைப் பொறுத்ததாயிற்று.

இவ்வேற்பாட்டை உலுக்கியவர்கள் தொழிலாளர்களே. துறைமுகமும் இரயில்வேயும் பெரம்பூர்ப் பஞ்சாலைகளும், பின்னர் எண்ணூர், திருவொற்றியூர்த் தொழிற்சாலைகளும் தென்மாவட்டத்தாரை வடசென்னைக்கு ஈர்த்தன. ஆங்கிலிக்கனும் மெதடிஸ்தும் லண்டன் மிஷனாரும் ஒரே தெருவில் குடியிருந்து ஒரே சங்கு ஒலிக்கு வேலைக்குச் சென்றனர். 1947 செப்டம்பர் 27-ல் சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது கையெழுத்திட்டவர்கள் தலைவர்கள். ஆனால் இணைந்து வாழ்வதை முன்னரே பழகியிருந்தவர்கள் இத்தகைய தெருக்களின் மக்கள். இன்றும் நம் பேராயங்கள் சில பழைய மாவட்டப் பெயர்களைத் தாங்கி நிற்பதும், எல்லை வழக்குகளில் நம் ஆற்றல் செலவாவதும் அப்படத்தின் நிழல் இன்னும் நீங்கவில்லை என்பதையே காட்டுகின்றன.

எனினும் படத்தை மீறிப் பார்த்தவர்களும் நம்மிடையே இருந்தனர். செங்கற்பட்டுச் சீமையில் பணியாற்றிய ஆடம் ஆண்ட்ரூவும் வில்லியம் கௌடியும், சேரி மக்கள் குடியிருந்த மனையே அவர்களுக்குச் சொந்தமில்லை என்பதைக் கண்டு, வீட்டுமனையும் நிலமும் அவர்களுக்கு வழங்கப்படவேண்டும் என வாதாடினர். அம்மாவட்ட ஆட்சியர் டிரமென்ஹீர் 1891-ல் எழுதிய அறிக்கையையொட்டி, மறு ஆண்டில் பஞ்சமி நிலம் வழங்க அரசு ஆணையிட்டது. இராயபுரத்தில் மருத்துவர் மெட்டில்டா மக்பெயில் 1888-ல் தொடங்கிய சிறு மருந்தகம் பின்னர் ரெய்னி மருத்துவமனையாக வளர்ந்தது. இவர்கள் எல்லைக்கோட்டிற்குள் யார் வாழ்கின்றனர், எவ்வாறு வாழ்கின்றனர் எனக் கேட்டவர்கள்.

6. திருமறையில் ஒரு நில அளவை

யோசுவா 18-ஆம் அதிகாரம் நில அளவை ஒன்றை விவரிக்கிறது. ஏழு கோத்திரங்களினின்றும் கோத்திரத்திற்கு மூவர் தெரிந்தெடுக்கப்பட்டு, தேசத்தில் நடந்து திரிந்து, அதனை ஏழு பங்காக ஒரு புத்தகத்தில் எழுதிக்கொண்டு சீலோவுக்குத் திரும்புகின்றனர். இங்கு மூன்று செய்திகள் கவனிக்கத்தக்கவை. முதலாவது, அளந்தவர்கள் அந்நிலத்தில் வாழப்போகிறவர்களே. இரண்டாவது, அவர்கள் நடந்து பார்த்து எழுதினர். மூன்றாவது, பங்கீடு வலியோரின் விருப்பப்படியன்றிக் கர்த்தருடைய சந்நிதியில் சீட்டினால் நடந்தது. எனினும் அப்பகுதியை வாசிக்கையில், அந்நிலத்தில் முன்னரே குடியிருந்தவர்கள் அப்புத்தகத்தில் எவ்வாறு எழுதப்பட்டனர் என்னும் வினாவையும் நாம் ஒதுக்கிவிடலாகாது. ஆட்சி செய்தோர் திருமறையின் இப்பகுதிகளைத் தமக்குச் சாதகமாக வாசித்த வரலாறும் உண்டு.

இதனோடு செலொப்பியாத்தின் குமாரத்திகளைச் சேர்த்து வாசித்தல் வேண்டும். மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள் என்னும் ஐவரும் தந்தைக்கு மகன் இல்லாமையால் பங்கு பெறுவோர் வரிசையில் இடம்பெறாதிருந்தனர். அவர்கள் மோசேயின் முன்னும் சபையனைத்தின் முன்னும் நின்று கேட்டனர். அவர்கள் கேட்டது நியாயம் எனக் கர்த்தர் தீர்ப்பளித்ததாக எண்ணாகமம் 27 கூறுகிறது; யோசுவா 17-ல் பங்கும் பெறுகின்றனர். விடுபட்டோரின் குரலுக்கு இடங்கொடுத்துத் திருத்தப்பட்ட பங்கீடு அது. நிலம் இறுதியில் கர்த்தருடையது, நாம் அதில் பரதேசிகளே எனும் லேவியராகமம் 25-ஆம் அதிகாரத்தின் போதனையும் இதற்கு அடித்தளமாகிறது. எந்த நிலப்படமும் முடிவான படமன்று என்பதே இதன் பொருள்.

7. ஆயர் செய்யத்தக்கவை

இவ்வாராய்ச்சி பழமையைப் பேசுவதோடு நின்றுவிடலாகாது. வருங்கால ஆயர்களுக்கு மூன்று பணிகளை முன்வைக்கிறோம்.

முதலாவது, புதிய சபைக்குச் செல்லும் ஆயர் தம் சபை எல்லையை நடந்து பார்த்துத் தாமே ஒரு படம் வரையட்டும். ஆலயம், பள்ளி, கல்லறைத் தோட்டம் ஆகியவற்றோடு குடிநீர்க்குழாய், வலை காயும் திடல், தொழிற்சாலையின் கழிவு செல்லும் வாய்க்கால், வாடகைக் குடியிருப்பு, சபையார் அல்லாதோர் வாழும் தெரு ஆகியவற்றையும் குறிக்கட்டும். முதியோரையும் பெண்களையும் உடன்வைத்துக்கொண்டு வரைவது நலம்.

இரண்டாவது, ஞானஸ்நானப் பதிவேட்டையும் அடக்கப் பதிவேட்டையும் பேணுதல். அவற்றில் பெயரோடு தொழிலும் இருப்பிடமும் எழுதும் வழக்கம் உண்டு. கடல் கொண்ட தெரு அரசின் படத்தில் இல்லாமற்போகலாம். ஆனால் அத்தெருவில் பிறந்த குழந்தையின் ஞானஸ்நானம் பதிவேட்டில் இருக்கக்கூடும். குடிபெயர்க்கப்படும் குடும்பம் ஒன்று தான் பல தலைமுறையாக அங்கு வாழ்ந்ததை மெய்ப்பிக்க வேண்டிய நாளில், கறையான் அரித்த அப்பதிவேடு சாட்சி சொல்ல இயலாது. திருவொற்றியூருக்குச் சென்றுவந்தபின், களப்பணிக்குச் செல்லும் மாணவர் தம் சபையின் பழைய பதிவேடுகளிலுள்ள தெருப்பெயர்களைப் பட்டியலிட்டு வரவேண்டும் என நாம் விதித்துள்ளோம். இன்று எங்கும் காணாத பெயர்கள் அப்பட்டியல்களில் வருகின்றன.

மூன்றாவது, கரையையும் கழியையும் பற்றிய அரசு வரைபடங்கள் மக்கள் கருத்துக்கென வெளியிடப்படும்போது, ஆயர் அவற்றை வாசிக்கக் கற்று, சபையாருக்கும் அயலாருக்கும் விளக்கிக் கூறுவது. இது அரசியல் எனச் சிலர் தயங்கக்கூடும். ஒரு கிராமம் தாளில் இருக்கிறதா இல்லையா எனப் பார்ப்பது மேய்ப்பனின் பணிக்குப் புறம்பானதன்று. தொண்ணூற்றொன்பதை எண்ணியபின் ஒன்று குறைகிறதெனக் கண்ட மேய்ப்பனின் உவமையையே நாம் பிரசங்கித்து வருகிறோம்.

1854-ஆம் ஆண்டின் படத்தை வரைந்தோர் திறமையுடையோர். அவர்தம் கோடுகள் பெரும்பாலும் துல்லியமானவை. தவறு கோட்டில் இல்லை. எதனை அளப்பது, எதனை விடுவது எனத் தீர்மானித்த கண்ணிலேயே இருந்தது. அக்கண்ணை நாம் சுதந்தரித்துக்கொண்டோமா என ஆராய்வது நம் கடமை. அம்முதியவரின் தெருப்பெயரை மாணவர் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். அடுத்தமுறை வரைந்த சபைப் படத்தில், கடற்பகுதியில், புள்ளிக்கோடுகளால் அத்தெருவையும் காட்டியிருந்தார். அப்படம் இப்போது நம் வகுப்பறைச் சுவரில் தொங்குகிறது.